சிவப்பு மைப் புள்ளிகள்

ரிக்மோர் வைக்கோலை முறுக்கிக் குட்டியின் முதுகை மூன்றாவது தடவையாகத் தேய்த்தாள். ஈரம் போயிற்றே தவிரப் பழுப்பு போகவில்லை. கழுத்திலிருந்து வால்வரை ஒரே பழுப்பு. புள்ளிக் குதிரைகளுக்கே உரிய கோடு குளம்பிலாவது ஓடுகிறதா என்று காலைத் தூக்கிப் பார்த்தாள். அங்கும் இல்லை.

"தேய்ச்சா புள்ளி வந்துடுமா? அது குட்டி, செப்புக் கெண்டி இல்ல," என்றான் அண்ணன் ஈவர், லாயக் கதவில் சாய்ந்தபடி. பிறகு குரலைத் தணித்தான். "அப்பா முழிச்சுட்டாரு. குட்டி எப்படின்னு கேட்டுட்டே இருக்காரு. என்னால முடியாது. நீயே போய்ச் சொல்லு."

இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருடைய புள்ளிப் பொலிகுதிரை ஹோல்கர் போன இலையுதிர்காலத்தில் செத்துப்போனது. அதன் கடைசி வாரிசு இந்தக் குட்டி. இதைப் பார்க்கத்தான் அப்பா தோர்வால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். புள்ளிக் குதிரைகளுக்கு ஒற்றை நிறக் குட்டி பிறப்பது புதிதில்லை. ஊரார் கேட்டபோதெல்லாம் அப்பாவே சிரித்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கிறார். இப்போது அவரிடமே ரிக்மோர் அதைப் போய்ச் சொல்லவேண்டியிருந்தது.

அப்பாவின் படுக்கையருகே ரொட்டிக் கஞ்சி தொடாமல் ஆறிக் கிடந்தது.

"புள்ளியாம்மா?"

"உடம்பு பூரா புள்ளிப்பா." யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

அப்பாவின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே, "டிராயர்ல படிவம் இருக்கு பாரு. எடுத்து வரைஞ்சு காட்டு," என்றார்.

அவர்கள் வாழும் சீலன் தீவில் பிறந்த க்னாப்ஸ்ட்ரப் என்னும் புள்ளி இனக் குட்டிகளுக்கெல்லாம் முப்பது வருஷமாகப் பதிவுப் படிவம் எழுதியவர் அவர். லாயத் தரையில் மண்டியிட்டு, படிவத்திலிருந்த குதிரைக் கோட்டுருவத்தின்மேல் புள்ளி புள்ளியாகச் சிவப்பு மையில் வரைவார். கண்ணால் பார்க்காத குட்டிக்குக் கையெழுத்துப் போட்டதே கிடையாது. இடுப்பில் ஒரு புள்ளி கூட்டிப் போடச் சொன்ன பெரிய பண்ணைக்காரர் வீட்டில், ஊற்றிவைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தவர்.

அவருக்கு முன்னால் உட்கார்ந்து அவள் பொய்க் குதிரை வரைந்தாள். தோளில் நாலு, விலாவில் ஆறு. வாசல்வரை வந்த ஈவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் காட்டப் போவதாக நழுவினான்.

"தொடையில?"

"இதோ போடறேன்ப்பா." ஹோல்கரின் தொடையை நினைவில் வைத்து மூன்று போட்டாள்.

அப்பா தாளை முகத்தருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். அந்த மூன்றின்மேல் அவர் விரல் நின்றது. இருபது வருஷத்துக்கு முன் ஹோல்கர் குட்டியாக இருந்தபோது அவரே வரைந்த புள்ளிகள். ரிக்மோருக்குக் காதெல்லாம் எரிந்தது. அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மயிர்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பழுப்பு. இன்னொன்றையும் எடுத்தார். அதுவும் பழுப்பு.

"எழுந்து நின்னுச்சா?"

"முக்கால் மணி நேரத்துல நின்னுடுச்சுப்பா."

"பால் குடிக்குதா?"

"விடாம குடிக்குது." இவையாவது நிஜம் என்பதில் அவளுக்கு அழுகை வந்தது.

"பேனாவக் குடு."

படுத்தபடியே எழுதினார். நாலு வார்த்தைக்குள் இரண்டு தடவை கை ஓய்ந்தது. தாளைக் கவிழ்த்துப் போர்வைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பதினொரு மணிக்குச் சற்று முன்னால் மூச்சு நின்றது.

ஈவர் ஓடிவந்து, உயிர் வெளியே போகவேண்டும் என்ற வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டான். அப்புறம்தான் தாளை எடுத்தான். சிவப்புப் புள்ளிகளுக்குக் கீழே கோணல்மாணலாக எழுதியிருந்தது: பழுப்பு. புள்ளி ஏதும் இல்லை. அதற்கும் கீழே, 'குட்டியை நேரில் பார்த்தேன்' என்று அச்சடித்த வரியின்மேல் அப்பாவின் கையெழுத்து.

"அப்பா எங்க பார்த்தாரு?" என்றான் ஈவர்.

ரிக்மோர் அப்பாவின் விரல் இடுக்கிலிருந்த பழுப்பு மயிரை எடுத்துத் தன் சட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.