தம்பி ஒட்டிய டேப்

என் அப்பா தையல்காரர். பத்து வருஷமாக வருகிற ஆளாக இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் நிற்க வைத்துப் புதிதாக அளவெடுக்காமல் கத்தரியைத் தொடமாட்டார். அந்த மனுஷன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு லேப்டாப் ரிப்பேர் கற்க உட்கார்ந்தார் என்றால், அது தம்பிக்காகத்தான்.

ஒரு விபத்தில் தம்பியோடு அவன் போனும் போய்விட்டது. மிஞ்சிய லேப்டாப்பில் அவன் பாடிப் பதிவு செய்த பாட்டு ஒன்று இருந்தது. "கேளுங்கப்பா" என்று அவன் கூப்பிட்டபோதெல்லாம், "கையில வேலை இருக்குடா, அப்புறம்" என்றவர் அப்பா. அம்மாவும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திறந்த அன்று, லேப்டாப்புக்கும் உயிர் இல்லை.

கடையில் கொடுப்போம் என்றேன்.

"எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசு மாதிரி கொடுப்பாங்க. எனக்குப் புதுசு வேணாம்மா."

பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழைய லேப்டாப் போர்டுகளை வாங்கி வந்து, துணி வெட்டும் மேஜையிலேயே கரண்ட் அளக்கும் மீட்டரும் பற்றவைக்கும் சூடுகோலுமாகப் பழகினார். தம்பியின் போர்டை மட்டும் தொடவில்லை. பாட்டு இருக்கும் சிப் அந்தப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது; தனியே கழற்ற முடியாது. போர்டு பிழைத்தால்தான் பாட்டு. அதற்கு எந்த இடத்தில் எவ்வளவு கரண்ட் வரவேண்டும் என்று காட்டும் சர்க்யூட் படம் வேண்டும்.

தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒரு தளம் வைரஸை அனுப்பி வைத்தது. இன்னொன்றில் ஆசை ஆசையாக இறக்கிப் பார்த்தால் வாஷிங் மெஷின் படம்.

"பத்திரமா வை, நம்ம மெஷினும் இழுத்துக்கிட்டுத்தான் கிடக்கு" என்றார் அப்பா. தம்பி போனபிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன்.

கடைசியில் முகம் தெரியாத யாரோ ஒருவர் படத்தை அனுப்பினார். மாடல் பெயர் அச்சு அசலாகப் பொருந்தியது. அப்பா பிரிண்ட் எடுத்த தாள்களைக் குண்டூசியால் கோத்து மேஜையில் விரித்தார்.

"போர்டு நம்பரைப் பாத்தீங்களாப்பா? ஒரே மாடல்ல ரெண்டு மூணு விதமா போர்டு வருமாம்."

"நம்பர் அந்த டேப்புக்கு அடியில இருக்கு போல."

முன்பு லேப்டாப்புக்குள் இருக்கும் ஃபேனை மாற்றியபோது தம்பி ஒட்டிய கறுப்பு டேப்.

"பிரிச்சுப் பாருங்க."

"மாட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த டேப்புல அப்படி என்னதான் இருக்கு?"

"அவன் கை இருக்கு."

குனிந்து பார்த்தேன். டேப்பின் ஓரத்தில் தூசி படிந்த கட்டைவிரல் ரேகை.

மறுநாள் மதியம், தம்பியின் போர்டில் படம் காட்டிய புள்ளியில் பத்தொன்பது வோல்ட் கொடுத்தார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். துணி தீய்ந்தது போல ஒரு நாற்றம். பாட்டு இருந்த சிப்பின் நடுவில் கருகிய சிறு கொப்புளம் எழும்பியிருந்தது.

அப்பா மீட்டரை வைத்துப் பார்த்தார். அந்தப் புள்ளி எங்கள் போர்டில் நேராக அந்தச் சிப்புக்குத்தான் போயிற்று. பிறகு நகத்தால் டேப்பை மெல்லப் பிரித்தார். அடியில் இருந்த நம்பர் வேறு, படத்தில் இருந்த நம்பர் வேறு.

டேப் அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. அதை உதறக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்தவன் அளவை வச்சு என் பிள்ளைக்கு வெட்டிட்டேன்மா."

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். "என்னமோ சத்தம் வந்துச்சே, ஆன் ஆயிடுச்சா?"

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, பாட்டுக் கேட்க உட்கார்ந்தாள்.