காசடிச்ச வீடு

புளியங்கூடலில் எங்கள் வீட்டுக்குக் ‘காசடிச்ச வீடு’ என்று பெயர். பின்வளவில் முருகைக்கல்லால் கட்டிய பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. அரசர் காலத்தில் அங்கே பொற்காசு அடித்தார்களாம். ஒல்லாந்தர் வந்து அதில் புகையிலை அடுக்கினார்களாம். பிறகு எங்கள் ஆட்கள் ஆடு கட்டினார்கள். அரசரின் தங்கசாலைக்குள் இப்போது போனால் புழுக்கை நாற்றம்தான்.

அந்தப் பெயர்தான் என் கல்யாணத்தைக் குழப்பியது. நயினாதீவிலிருந்து என்னைப் பார்க்க வந்த குலசிங்கம், மாப்பிள்ளையின் தாய்மாமன், சந்திக் கடையில் வழி கேட்டிருக்கிறார்.

“ஆர், வல்லிபுரத்தாற்ற வீடோ? காசடிச்ச வீடு எண்டு கேளுங்கோ, எல்லாரும் காட்டுவினம்.”

மனிதர் அப்படியே குறிகாட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பிப் படகேறிவிட்டார். கோயில் பொருளாளராக இருந்த என் அப்பா வல்லிபுரத்தார் காசைச் சுருட்டியவர் என்று விளங்கிக்கொண்டாராம். “எங்களுக்குச் சுத்தமான இடம் வேணும்” என்று தரகரிடம் சொல்லியனுப்பினார். எங்கள் வாசல் படலையைக்கூடத் தொடாமல் சொன்ன சொல்.

அந்தக் கதை ஊரில் பரவ, அப்பா பொருளாளர் வேலையை விட்டார். கோயில் பக்கமே போகவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு தகரத்தில் பெயின்ரால் எழுதினேன்: ‘இங்கே பொற்காசு அச்சிட்டார்கள். பெயர் வந்த காரணம் இதுவே.’ படலையில் அறைந்தேன். யாரோ அதைப் படமெடுத்து முகநூலில் போட்டார்கள்.

அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் கிழமை குலசிங்கம் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். கண் மட்டும் பின்வளவிலேயே நின்றது.

“பிழையா விளங்கிப்போட்டம், அண்ணை. எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம். அந்தப் பழங்கட்டடத்தையும் நிலத்தையும் பெடியன்ர பேரில எழுதிவிட்டாக் காணும்.” குரலைத் தாழ்த்தினார். “அத்திவாரம் எவ்வளவு ஆழம் போகுது?”

சீ என்று வந்தது எனக்கு. அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு முப்பத்திநாலு வயது. ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

“தம்பி, அரசர் போன பிறகு இந்த வளவில ஒருத்தரும் காசடிக்கேல்லை” என்றார் அப்பா. “இண்டைக்குத்தான் ஒராள் அடிக்க வந்திருக்கிறார்.”

குலசிங்கம் எழும்பிப் போனார். அப்பா சால்வையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். நான் வாழைப்பழத்தை ஆடுகளுக்கு எறிந்துவிட்டு, அந்த ஆள் வாய்வைத்த கோப்பையை இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். சுத்தமான இடமல்லவா.