ஆறாம் தொட்டியில் ஒரு சொல்

அந்தப் பெயிண்ட் தொழிற்சாலையின் கண்ட்ரோல் ரூமில் அவள் ஆபரேட்டர். அவள் கணவனின் தம்பி அங்கேயே ஃபிட்டர். இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். ஆனால் கோடை தொடங்கியதிலிருந்து அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அவள் மகளுக்கு அவன் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பெண் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், அவன் மனைவி பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூடப் பாராமல், "உனக்குன்னு ஒண்ணு இருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று அவள் அவனிடம் சொல்லிவிட்டாள். குழந்தைக்காக ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை என்று அலைந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோஜனம்? அவன் மனைவி படியிறங்கிப் போனாள். அவனும் பின்னாலேயே போய்விட்டான்.

வேறு இடமென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். வேலையில் முடியாதே. அதனால் தொழில் பாஷையில் மட்டும் பேசிக்கொண்டார்கள். முன்பெல்லாம் வாக்கி-டாக்கியில், "அண்ணி, மூணாவது மோட்டார் இருமுது, கொஞ்சம் நிறுத்துங்க" என்பான். "கஷாயம் குடுத்துட்டு வா" என்பாள் அவள். இப்போது அவள் வெறும் 'கண்ட்ரோல்', அவன் வெறும் 'மெயின்டெனன்ஸ்'. கேள்விக்கு ஒரு சொல், பதிலுக்கு ஒரு சொல். தந்தி அடிக்கிற மாதிரி பேசுகிறார்கள் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் குரல் வந்தது.

"கண்ட்ரோல், ஆறு ஐசொலேட் ஆயிடுச்சா?"

அவள் திரையைப் பார்த்தாள். ஆறாம் தொட்டி காலி. பெயிண்ட் வரும் வால்வும் போகும் வால்வும் மூடியிருந்தன.

"ஐசொலேட்டட்."

"காப்பி."

'காப்பி' என்றால் கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். கண்ட்ரோல் ரூமில் 'ஐசொலேட்' என்ற சொல்லுக்கு வால்வுகளை அடைப்பது என்று பொருள். ஃபிட்டர்களுக்கோ, மோட்டாரின் கரண்ட்டைத் துண்டித்துப் பூட்டுவது. இத்தனை வருஷமும் அதனால் வம்பு வந்ததில்லை. அந்தச் சொல்லோடு அவர்கள் நிறுத்தியதே இல்லை என்பதுதான் காரணம். உள்ளே இறங்கப் போகிறாயா, வெளியே துணைக்கு யார் நிற்கிறார்கள், போன தடவை மாதிரி விளக்கை மறந்துவிடாதே என்று அவள் ஏதாவது தொணதொணப்பாள். அதிலேயே எல்லாம் விளங்கிவிடும்.

உள்ளே இறங்குபவன் கரண்ட் பெட்டியில் தன் பூட்டைப் போட்டு, வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதுதான் விதி. அவன் அதைச் செய்யவில்லை. கண்ட்ரோல் சொல்லிவிட்டதே, எலக்ட்ரீஷியன் பூட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். தளர்ந்த போல்ட்டுகளை முறுக்கும் சின்ன வேலைதானே என்று தனியாகவே இறங்கினான்.

அவள் வேறொரு தொட்டியின் சூட்டைக் கவனித்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகக் கேமராத் திரை பக்கம் பார்வை போனது. ஆறாம் தொட்டியின் மூடி திறந்திருந்தது. பக்கத்தில் ஸ்பேனர் பெட்டி. விளக்கு வயர் ஒன்று வளைந்து தொட்டிக்குள் போயிருந்தது. வெளியே ஆளே இல்லை.

பெயிண்ட் ஓரத்தில் காய்ந்து ஒட்டாமல் இருக்க, காலியாக இருந்தாலும் ஆறாம் தொட்டியில் பெயிண்டைக் கலக்கும் பிளேடு அவ்வப்போது தானாகவே சுற்றும். திரையில் மோட்டாரின் குறி பச்சையாக எரிந்தது. கரண்ட் இருக்கிறது என்று பொருள்.

வாக்கி-டாக்கியில் கூப்பிட்டாள். இரும்புத் தொட்டிக்குள் அது எடுக்காது என்று தெரிந்தும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். திரையில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். ஏற்கவில்லை. காலையில் யாரோ அந்த மோட்டாரைத் தொட்டிக்கு அடியிலிருக்கும் கரண்ட் பெட்டியிலிருந்து மட்டும் இயக்கும்படி மாற்றிவிட்டிருந்தார்கள். இங்கிருந்து அதை ஒன்றும் செய்ய முடியாது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சைக் குறி சுழலத் தொடங்கியது.

சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். தொழிற்சாலை முழுவதும் கரண்ட் போனது. எல்லா மோட்டார்களும் முனகிக்கொண்டே ஓய்ந்தன. அவள் அதற்குள் படிகளில் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஏணியில் ஏறி மூடி வழியாகக் குனிந்து டார்ச் அடித்தாள். பிளேடு அவனைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோடு அழுத்தி நின்றிருந்தது. தலை தொங்கியிருந்தது.

"தம்பி."

இன்னொரு முறை கூப்பிட்டாள். தலை மெல்ல நிமிர்ந்தது.

"மூச்சு விட முடியல."

"பேசாத. இங்கதான் இருக்கேன்."

"ஐசொலேட்டட்னு சொன்னீங்களே."

"வால்வைச் சொன்னேன்டா."

"நான் கரண்ட்டைக் கேட்டேன்," என்றான்.

அவள் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. அவள் ஆறைக் கூப்பிட்டதைக் கேட்டிருந்த ஷிஃப்ட் இன்சார்ஜ், ஆறு கிளியரா, ரீசெட் கொடுக்கலாமா என்று கேட்டார். யாரோ ஒருவன், தீயோ புகையோ இல்லை என்ற எண்ணத்தில், "ஆறு கிளியர்" என்று சொல்லியும்விட்டான். ரீசெட் என்றால் எல்லாவற்றுக்கும் மறுபடி கரண்ட். அவள் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"யாரும் எதையும் போடாதீங்க. தொட்டிக்குள்ள ஆள் மாட்டியிருக்கான். உயிரோட இருக்கான். கரண்ட் வந்தா செத்துடுவான். நான் சொல்ற வரைக்கும் கரண்ட் வரக் கூடாது. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

இன்சார்ஜ் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார்.

அவன் ஸ்பேனர் பெட்டியில் கிடந்த அவனுடைய பூட்டை எடுத்துக்கொண்டு அவள் இறங்கி, ஆறாம் தொட்டியின் கரண்ட் பெட்டியில் ஸ்விட்சைக் கீழே தள்ளி, அதையே போட்டுப் பூட்டினாள். அதற்குள் ஓடி வந்திருந்த ஆட்களோடு மறுபடி ஏறி, சாவியை டார்ச் வெளிச்சத்தில் காட்டினாள்.

"உன் பூட்டுதான். சாவி என் கையில இருக்கு. இனி இது தானா சுத்தாது. இப்ப நாலு பேர் மேல நின்னு பிளேடைக் கையாலயே பின்னாடி திருப்பப் போறாங்க. லேசா நகரும்போது பயப்படாத."

"எந்தப் பக்கம்?"

"உன்னை விட்டு விலகுற பக்கம். என் பக்கம்."

திருப்பினார்கள். அவன் அலறினான். பிளேடு விலகியதும் துணி மூட்டை மாதிரி கீழே சரிந்தான். பெல்ட் கட்டி அவனை மேலே தூக்கும்வரை அவள் அந்த மூடியை விட்டு நகரவில்லை.

விலா எலும்புகளில் விரிசல், இடுப்பில் பலமான அடி. உயிருக்கு ஆபத்தில்லை.

விசாரணையில் மேனேஜர் இதைக் 'கம்யூனிகேஷன் கேப்' என்றார். அவள் மறுத்தாள். தானும் கொழுந்தனும் வீட்டுச் சண்டையால் பேசிக்கொள்வதில்லை என்றும், ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் அவன் இறங்கியிருக்க மாட்டான் என்றும், வேண்டுமென்றேதான் கேட்கவில்லை என்றும் எல்லார் முன்னிலையிலும் சொன்னாள். மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவளைச் சில நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பூட்டுப் போடாமல் இறங்கியதற்கு அவனுக்கும் எச்சரிக்கை வந்தது. இனி எதை அடைத்தோம், எதை நிறுத்தினோம் என்று பொருளின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும், சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று அவள் தனியாகப் போனாள். கதவைத் திறந்தது ஓரகத்தி, அவன் மனைவி. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வழியை மறித்தே நின்றாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சமாதானங்கள் எதுவும் அவள் வாயில் வரவில்லை.

"ஆஸ்பத்திரியில நான் சொன்னது பாவம். கோவத்துல வந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன். உங்களை நோகடிக்கணும்னுதான் சொன்னேன். என்னை மன்னிச்சுடு."

ஓரகத்தியின் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அதை என்னால மறக்க முடியல, அக்கா. இப்போதைக்கு முடியாது."

"சரி."

உள்ளேயிருந்து அவன் யார் என்று கேட்டான். ஓரகத்தி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"அவருக்குச் சட்டை மாத்தணும். ஒருத்தியா தூக்க முடியல. வந்து ஒரு கை பிடிங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஆளுக்கொரு பக்கமாக அவன் தோளுக்கடியில் கை கொடுத்தார்கள். மெதுவாக, மெதுவாக என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவனை உட்கார வைத்தார்கள்.