நாற்பத்தொன்றாம் பதிவு

நாற்பத்தொன்றாம் பதிவு மட்டும் மூன்று வாரமாக அவன் கணினியிலேயே கிடந்தது. மற்ற நாற்பதையும் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டான். நோய்க்காலத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் எப்படித் துணையாக இருந்தார்கள் என்று ஐந்து நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்யும் ஆய்வு. இங்கே வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்தது அவன் மனைவி. அந்தக் குரல்களை எழுத்தாக்குவது அவன் வேலை. இருமல், சிரிப்பு, மௌனம் எதையும் விடக்கூடாது, அடைப்புக்குறிக்குள் போடவேண்டும். எழுத்தை அனுப்பிய கையோடு ஒலிப்பதிவை அழித்துவிட வேண்டும்.

நோயின் அடுத்த அலையில் அவளும் போய்விட்டாள். ஒன்பது மாதமாகிறது. அவள் குரல் மிச்சமிருந்தது இந்த ஒன்றில்தான்.

காலையில் ஆய்வுத் தலைவி அழைத்தார்.

“தம்பி, அஞ்சு நாடும் உன் வாசல்ல வந்து நிக்குதுப்பா. இன்னிக்காவது முடியுமா?”

“சத்தம் சரியா இல்ல மேடம்.”

“மூணு வாரமாவா?” பிறகு குரல் தணிந்தது. “அவ குரல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோ. நான் பாக்கல.”

அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

“அம்மா, நீங்க சொல்றத எழுதி முடிச்சதும் இந்தக் குரல அழிச்சிடுவோம். சத்தியமா.” அவள்தான்.

“அழிக்கலைன்னா?” பேட்டி கொடுத்த தையல்கார அம்மாள் விடவில்லை.

“எழுதுறது என் வீட்டுக்காரர்தான். அழிக்கலைன்னா அவருக்குச் சோறு கிடையாது.”

[இருவரும் சிரிக்கிறார்கள்] என்று தட்டினான்.

தையல்கார அம்மாளின் கணவரைப் பக்கத்து அறையில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்களாம். பதினாறு நாள். “தைக்கத் துணியே இல்லம்மா. ஆனாலும் வெறும் மிஷின ஓட்டிக்கிட்டே கெடந்தேன். நான் இருக்கேன்னு அவருக்குக் கேக்கணுமில்ல?”

[மௌனம், ஆறு நொடி]. கேள்வி கேட்க வேண்டியவள் மூக்கை உறிஞ்சினாள். அதையும் போட்டான்.

பேட்டி முடிந்தும் பதிவு ஓடியது. ரெக்கார்டரை நிறுத்த மறப்பது அவள் வழக்கம். அந்த வால்களை வெட்டி எறிவது அவன் வழக்கம். படியிறங்கும் செருப்புச் சத்தம். பிறகு போனில் யாரிடமோ பேசினாள்.

“கெளம்பிட்டேன்… குடை இருக்கு, இருக்கு… என்ன, வெறும் ‘ம்’ தானா? பேச்சுக்கு வரி போட்டுட்டாங்களா?… சரி, வை. வந்துட்டேன்.”

அந்த யாரோ அவன்தான். அவன் பேசியது பதிவில் இல்லை. இருந்தாலும் பெரிதாக ஒன்றுமிருக்காது.

பின்னே தள்ளி மறுபடி ஓடவிட்டான். “கெளம்பிட்டேன்” என்றாள். அந்த இடைவெளியில், அறையில் யாருமில்லாதபோது, வாய்விட்டுச் சொன்னான்:

“பாத்து வா.”

“குடை இருக்கு, இருக்கு” என்றாள்.

எழுத்தை அனுப்பினான். காப்பி எடுக்கவில்லை. பதிவை அழித்தான். கணினியையும் அணைத்தான்.

திரை கறுத்த பிறகும் விரல்கள் விசைகளை விடவில்லை. தட்டிக்கொண்டே இருந்தான், பக்கத்து அறைக்குக் கேட்கும்படி.