இரண்டாவது மெயின்

பீளமேட்டுப் பக்கம் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் தனபால் டெஸ்டிங் சூப்பர்வைசர். கீழே ஐந்து பேர் இருந்தும் இரண்டு வருடமாக அவர் எந்த வேலையையும் யாரிடமும் ஒப்படைத்ததில்லை. வயர் மாட்டுவது, தண்ணீர் அளப்பது, சீட்டு எழுதுவது எல்லாம் அவரே. மற்றவர்கள் பம்ப்பைத் தூக்கி வைப்பதோடு சரி.

காரணம் அங்கப்பன். தொண்ணூற்று நான்கு ஆடியில் ஒரு காலை, "அங்கப்பா, அந்த போர்டுல வயரை மாத்திப்போடு" என்று சொல்லிவிட்டுத் தனபால் ஆபீசுக்குள் போனார். அந்த போர்டுக்கு இரண்டு மெயின் சுவிட்சிலிருந்து கரண்ட் வரும். அங்கப்பன் ஒன்றை அணைத்தார். இன்னொன்று இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. தனபால் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதன்பிறகு தனபாலுக்குப் பட்டப்பகலிலேயே போர்டுக்கு முன்னால் ஆள் நிற்பது போலிருக்கும். காக்கிச் சட்டை, முதுகு மட்டும். யாரையாவது கூப்பிட்டு வேலை சொல்ல வாயெடுத்தால் அந்த முதுகு லேசாகத் திரும்பும். முகத்தைப் பார்த்துவிடுவோமோ என்ற பயத்தில், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு தனபாலே போய்ச் செய்வார்.

தொண்ணூற்றாறு சித்திரையில் ஆர்டர் குவிந்தது. டெஸ்ட் ஆகாத பம்ப்புகள் வாசல்வரை வரிசை கட்டின. டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்த கயல்விழி கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க சார், நாங்க எதுக்குங்க இருக்கறோம்?"

"நான் வேல சொல்லி ஒருத்தன் செத்துப்போனான் அம்மணி."

"என்னன்னுங்க சொன்னீங்க?"

சொன்னார். அவள் கேட்டாள். "அப்ப, ரெண்டாவது மெயினைச் சொல்லவே இல்லீங்களா?"

மத்தியானமே தனபால் லீவு போட்டுவிட்டுச் சூலூர் பஸ் ஏறினார். அடக்கத்துக்குப் பிறகு அங்கப்பன் வீட்டுக்கு அவர் போனதில்லை. அங்கப்பனின் மனைவி மாரியாத்தாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதுங்க. பாதிதான் சொன்னேன்."

அவள் அழவுமில்லை, வையவுமில்லை. "ஊட்டுல அவரு கடைக்குப் போறதுன்னாலும் நாலு தடவ கேப்பாருங்க. உங்ககிட்டதான் கேக்க மாட்டாரு. கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு வைவீங்களாமா."

வைதது தனபாலுக்கு நினைவிருந்தது. எல்லாரும் பார்க்க, பல தடவை.

மறுநாள் கயல்விழியையும் மற்றவர்களையும் போர்டுக்குக் கூட்டிப்போனார். இரண்டு மெயினையும் அணைத்துக் காட்டினார். ப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கி அவள் கையிலேயே கொடுத்து, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகும் நகரவில்லை.

"ஏதாச்சும் கேளு கண்ணு."

"வெளங்கிருச்சுங்க சார்."

"வெளங்குனாலும் கேளு."

அவள் கேட்பதற்குள், பின்னாலிருந்து மாசாணம் பேசினார். அந்த செக்சனில் மூத்த ஆள், அதிகம் வாய் திறக்காதவர்.

"ஒரு மெயினை அணைச்சாப் போதுமான்னு அங்கப்பன் அன்னிக்கு எங்கிட்டத்தானுங்க கேட்டான். எனக்கும் தெரியாதுங்க. உங்களக் கேக்கப் பயந்துக்கிட்டு, போதும்னு சொல்லிப்போட்டனுங்க."

தனபால் கயல்விழியிடமிருந்து ஒரு ப்யூஸ் கட்டையை வாங்கி மாசாணத்தின் கையில் வைத்தார்.