ஹெப்ரான் நிற்கும் இடம்

ஹெப்ரான் மஞ்சள் காமாலையில் இறந்துபோய் எட்டு மாதமாகியிருந்தது. பாளையங்கோட்டை வீட்டில் இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை. ஆனாலும் அக்கா ஸ்டெபி, இருவரும் சின்ன வயதிலிருந்து ஆடிய துப்பாக்கி விளையாட்டைத் தினமும் டிவியில் போடுவாள். திரை ஆளுக்குப் பாதியாக இரண்டாகப் பிரியும். முன்பெல்லாம், "நீ முன்னால போ, நான் இங்கன நிக்கேன்" என்று தன் சிப்பாயைப் பாலத்தடியில் விட்டுவிட்டு ஹெப்ரான் சாப்பிடப் போய்விடுவான். இப்போதும் அவனை அங்கேயே நிறுத்திவிட்டு இவள் மட்டும் சண்டை போடுவாள். எதிரிகள் மடையர்கள்; சும்மா நிற்பவனைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அதே விளையாட்டைப் புதிதாகச் செய்து வெளியிட்டிருந்தார்கள். சித்தி மகன் கிங்ஸ்லி வாங்கி வந்தான். "யக்கா, ஆத்துத் தண்ணி எப்படி மின்னுது பாரு! எதிரிக்கெல்லாம் இப்பம் மூளை வந்துட்டு."

தண்ணீர் அழகாகத்தான் இருந்தது. தம்பியைப் பாலத்தடியில் நிறுத்திவிட்டு ஸ்டெபி நாலடி போனாள். பின்னால் வெடிச் சத்தம். தேடி வந்து அவனைச் சுட்டுவிட்டார்கள்.

"சும்மா நிக்கவன எதுக்குலே சுடுதிய, மூதிகளா!" என்று கத்தினாள்.

"பத்து செகண்டுக்குள்ள ஓடிப்போய்த் தொட்டா எந்திச்சிருவான்க்கா. புதுசா வச்சிருக்காங்க."

ஓடித் தொட்டாள். எழுந்தான். மறுபடியும் சுட்டார்கள். மறுபடியும் ஓடினாள்.

கிங்ஸ்லி குரலைத் தணித்தான். "அவன விட்டுட்டு நீ முன்னால போனாத்தான்க்கா ஆட்டம் நகரும்."

ஸ்டெபி ஓடிக்கொண்டே இருந்தாள். ஒன்பதாவது முறை எழுப்பியதும், சுடுவதை விட்டுவிட்டு, தம்பிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.