பதினான்காம் தடுப்பு

அந்த வட்டாரத்துச் சின்னச் சின்னக் கால்பந்து மைதானங்களில் அவருக்கு ஒரே பெயர்தான்: சுத்தியல். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் கொடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழின் அடியில் கையெழுத்தாக மட்டும் இருந்தது. மேட்ச் பார்க்க வருகிற ஜனம் நிற்கும் படிகள், சாயும் தடுப்புக் கம்பிகள், ஆபத்து என்றால் ஓட வேண்டிய வாசல்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். கையில் எப்போதும் ஒரு குட்டிச் சுத்தியல். கம்பியைத் தட்டுவார், காதைச் சாய்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். உதடு பிதுங்கினால் மைதானத்துக்காரர் செலவைக் கணக்குப் போட ஆரம்பிப்பார்.

யாரையும் நம்பாத மனுஷன். மழையில் ரத்தாகிப்போன மேட்சுக்கும் ‘வாசல்களைத் திறந்து சரிபார்த்தேன்’ என்று நோட்டில் எழுதி வைத்திருந்த ஒரு காவலாளியை அவர் பிடித்த கதையை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். “பொய் எழுதறவன் முதல்ல சோம்பேறி. நேத்து எழுதினதையே இன்னைக்கும் எழுதுவான்” என்பார் சுத்தியல். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்கச் சகிக்காது.

அப்படிப்பட்டவர் அந்த வெள்ளிக்கிழமை காலை சோதிக்கப் போனது சொந்தத் தங்கை புருஷன் மேனேஜராக இருக்கும் மைதானத்தை. போகக்கூடாதுதான். ஆனால் ஆபீஸில் இந்த வேலைக்கு இருப்பது இரண்டே பேர். இன்னொருவருக்கு முட்டி வலி. படி ஏறவேண்டிய நாளில் அது தவறாமல் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கோப்பை மேட்ச். பதினொரு வருடத்தில் முதல்முறையாக ஒரு பெரிய அணி இந்தக் குட்டி மைதானத்தில் ஆட வருகிறது. டிக்கெட் எல்லாம் போய்விட்டது. பழைய சான்றிதழ் சனிக்கிழமையோடு முடிகிறது. சுத்தியல் கையெழுத்துப் போடாவிட்டால் மேட்ச் வேறு மைதானத்துக்குப் போய்விடும், மாப்பிள்ளையின் மேனேஜர் வேலையும் பின்னாலேயே போகும்.

மாப்பிள்ளை வாசலிலேயே டீ கிளாஸோடு நின்றிருந்தார்.

“வாங்க மச்சான். முதல்ல டீ குடிங்க, அப்புறம் ஆரம்பிக்கலாம்.”

“வேலை முடியட்டும் மாப்பிள்ளை.”

சுத்தியலுக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது. மாப்பிள்ளை பேச்சில் கஞ்சன். கல்யாணமான இருபத்தைந்து வருடத்தில் மச்சானிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டு நிறையாது. இன்றைக்கு என்னடா என்றால் வாய் ஓயவில்லை. புது விளக்கைக் காட்டினார், புதுப் பெயின்ட்டைக் காட்டினார், அவசர வாசலின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டதைச் சொல்லி, இரண்டு முறை திறந்தும் மூடினார். இவ்வளவு காட்டுகிறவன் எதையோ காட்டாமல் இருக்கிறான் என்று சுத்தியல் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

தடுப்புக் கம்பிகள் மொத்தம் பதினாறு. கூட்டம் முன்னால் சரியாமல் இருக்கப் படிகளின் நடுவே இடுப்புயரத்தில் நட்டவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஜாக்கியை வைத்து, முட்டித் தள்ளும் கூட்டத்தின் பலத்தில் ஐந்து நிமிடம் தள்ளிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு வளைந்தது என்று ஒரு டயல் காட்டும். விட்டதும் முள் பழைய இடத்துக்குத் திரும்பினால் கம்பி நல்ல கம்பி. திரும்பாவிட்டால் அது உள்ளுக்குள் செத்துப்போன கம்பி.

மாப்பிள்ளையே ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு கம்பி முடிய மதியம் ஆகிவிட்டது. பன்னிரண்டும் தேறின.

“மீதியைச் சாப்பிட்டு வந்து பாக்கலாமே மச்சான். உங்க தங்கச்சி போன் மேல போன் போடறா, சாப்பாடு ஆறுதாம்.”

போன வருடமும் இதே இடத்தில் இதே பேச்சு வந்தது சுத்தியலுக்கு ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் பிடிக்கவில்லை. கடைசிப் படிவரிசைக்கு இறங்கிப் பதின்மூன்றைத் தட்டினார். பழைய குரல். பதினான்கைத் தட்டினார்.

மறுபடி தட்டினார்.

பார்வைக்கு அதுவும் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது: அங்கங்கே துரு, உரிந்த பெயின்ட், அடியில் கறுத்த சிமென்ட். ஆனால் சத்தம் கணீரென்று இருந்தது. இருபது வருடம் வெயில் மழை தின்ற இரும்புக்கு அந்தக் குரல் வராது. சுத்தியல் குந்தி உட்கார்ந்து பெயின்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். உரிந்திருக்கவில்லை, உப்புத்தாளால் உரித்திருந்தார்கள். கட்டை விரலை எச்சில் தொட்டு அடிச் சிமென்ட்டைத் தேய்த்தார். விரலில் பழுப்பு ஒட்டியது. முகர்ந்தார். டீ டிகாஷன்.

பழசைப் புதுசாக்கிப் பூசி மெழுகுகிற ஆயிரம் பேரை அவர் பார்த்திருக்கிறார். புதுசைப் பழசாக்குகிற கிறுக்கனை இப்போதுதான் பார்க்கிறார்.

“இது எப்போ மாத்தினது மாப்பிள்ளை?”

“எது?”

“எனக்கு இப்போ டீ வேண்டாம்னுதான் சொன்னேன். கம்பிக்குக் கொடுத்திருக்கீங்களே, அதைக் கேக்கறேன்.”

மாப்பிள்ளை படியில் உட்கார்ந்துவிட்டார்.

“மூணு மாசம் ஆச்சு. லீக் மேட்ச் அன்னைக்கு. கோல் விழுந்ததும் எல்லாரும் முன்னாடி சாஞ்சாங்க, அடியோட பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. ஏழெட்டுப் பேர் விழுந்தாங்க.”

“யாருக்காவது அடியா?”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மூன்று மாதம் என்ற கணக்கு சுத்தியலின் மண்டையில் எங்கேயோ போய் முட்டியது.

“நம்ம பொண்ணுக்கா?”

“இடது மணிக்கட்டு. ரெண்டு இடத்துல.”

தங்கை மகள் பெண்கள் அணியின் கோல்கீப்பர். மாநில அணித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாள் என்றுதான் சுத்தியலுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் கையுமாகப் போய், தாய்மாமன் தோரணையில், வண்டி ஓட்டுவதைப் பற்றி அரை மணி நேரம் அறிவுரையும் சொல்லிவிட்டு வந்தார்.

“ஆபீஸுக்கு ஏன் சொல்லலை?” குரல் அவரை மீறி உயர்ந்தது. “யாரைக் காப்பாத்த?”

“சொன்னா முதல்ல எதைக் கேப்பாங்க மச்சான்? போன வருஷச் சோதனையில இந்தக் கம்பி எப்படித் தேறுச்சுன்னு கேப்பாங்க.”

“என்னைக் காப்பாத்தவா, மைதானத்தைக் காப்பாத்தவா?”

“ரெண்டையும்தான். இனிமே பொய் சொல்லி என்ன ஆகப்போகுது.”

சுத்தியல் பையிலிருந்து பழைய ஃபைலை எடுத்தார். எடுக்கத் தேவையே இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று நெஞ்சுக்குத் தெரியும். போன வருடம் மழை தூறியது. ஜாக்கியின் சக்கரம் சேற்றில் புதைந்தது. தங்கை போன் செய்தாள். இருபது வருடமாக அசையாத கம்பிகள் இன்றைக்கா அசையப்போகின்றன என்று நினைத்தார். பதின்மூன்று முதல் பதினாறு வரை, டயல் எண்கள் அதற்கு முந்தைய வருடத்து எண்களேதான், புள்ளி மாறாமல். காவலாளியைப் பிடித்தவர் கையெழுத்து கீழே கம்பீரமாக இருந்தது.

வெட்கம் என்று சொன்னால் போதாது. அந்தக் காவலாளியின் முகம் வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

“மத்த மூணையும் பாத்தீங்களா? பதின்மூணு, பதினஞ்சு, பதினாறு?”

“நல்லாத்தானே இருக்கு மச்சான். உடைஞ்சது ஒண்ணுதான்.”

“ஜாக்கியைக் கொண்டு வாங்க.”

பதின்மூன்று தேறியது. பதினைந்தில் ஐந்து நிமிடம் முடிந்து ஜாக்கியைத் தளர்த்தினார்கள். முள் பாதி தூரம் வந்து நின்றது. சுத்தியல் டயலை விரலால் தட்டினார். முள் அசையவில்லை. அடிச் சிமென்ட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை இந்தப் படிகளில் அறுநூறு பேர் நிற்பதாக இருந்தது. மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் பதினாறையும் சோதித்தார்கள். அது தேறியது.

மைதானத்து ஆபீஸ் அறையில் தங்கை மகள் ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்பவர்களின் பட்டியலை டைப் செய்துகொண்டிருந்தாள், வலது கையால் மட்டும். சுத்தியல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார்.

“கை எப்படி உடைஞ்சுது?”

“ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தேன் மாமா. எத்தனை தடவை கேப்பீங்க?”

“இன்னொரு தடவை சொல்லு.”

அவள் வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். மாமாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதுபோல் அவர் தலையசைத்தார். அவள் டைப் செய்வதை நிறுத்திக் கையை எடுத்தாள்.

சுத்தியல் எழுத ஆரம்பித்தார். கடைசிப் படிவரிசை மூடப்பட வேண்டும், அங்கே ஒருவர்கூட நிற்கக்கூடாது. மற்ற இடங்களுக்கு மட்டும் அனுமதி. பிறகு விபத்துப் பகுதியில் தேதியையும் அவள் பெயரையும் எழுதினார். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘சென்ற ஆண்டு 13 முதல் 16 வரை சோதிக்கப்படவில்லை. சோதித்ததாக எழுதியவன் நான்’ என்று எழுதினார்.

“மச்சான், உங்க வேலை போயிடும்” என்றார் மாப்பிள்ளை.

“போகட்டும். மூடி மறைச்சதுக்கு உங்களையும் விசாரிப்பாங்க. தயாரா இருங்க.”

மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. தங்கை மகள் எட்டி இடது கையால் அதை அழுத்திப் பிடித்தாள். மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை, விரல் நுனிகள் மட்டும் தாளைத் தொட்டன. இந்தக் கையால் இனி கோல் காக்க முடியுமா என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா மாமா?” என்றாள். “யார் என்ன சொன்னாலும் சந்தேகப்படற ஆளு நீங்க. ஸ்கூட்டர்னு சொன்னதை மட்டும் எப்படி அப்படியே நம்பினீங்க? எனக்கு ஸ்கூட்டர் ஓட்டவே தெரியாதே.”

சுத்தியல் அவள் பிடித்திருந்த தாளின் அடியில் கையெழுத்தைப் போட்டார்.